சான்ஃபிலில் ஏஎஃப்எல் ரிசர்வ் அணிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அடிலெய்டுக்குக் குடிவந்தால் ஒரு குளிர்காலம் முடிவதற்குள் ஃபுட்டி, அதாவது ஆஸ்திரேலியக் கால்பந்து, வீட்டுக்குள் நுழைந்துவிடும். பெரும்பாலும் பிள்ளைகள்தான் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவருவார்கள். அதன்பின் பெற்றோர் வந்து கேட்கும் கேள்விகள் அநேகமாக ஒரே மாதிரி இருப்பதால் இங்கே தொகுத்து வைத்திருக்கிறேன். ஆட்டத்தின் விதிகளைப் பற்றியது அல்ல இது. பெரிய கிளப்புகளின் இரண்டாம் அணி (ரிசர்வ் அணி) உள்ளூர் லீகில் வந்து ஆடுகிறதே, அந்தக் குழப்பத்தைப் பற்றி மட்டும்.

ஏஎஃப்எல்-ங்கறாங்க, சான்ஃபில்-ங்கறாங்க. ரெண்டும் ஒரே ஆட்டம்தானே?

ஒரே ஆட்டம்தான். நீள்வட்ட மைதானம், பக்கத்துக்கு 18 பேர், நாலு கால்பகுதி. நடுக் கம்பங்களுக்கு இடையே உதைத்தால் கோல், 6 புள்ளி. ஓரத்தில் போனால் பிஹைண்ட், 1 புள்ளி.

ஏஎஃப்எல் என்பது தேசிய அளவிலான தொழில்முறை லீக். சான்ஃபில் என்பது தென் ஆஸ்திரேலிய மாநில லீக். 1877-இல் தொடங்கியது, அதாவது ஏஎஃப்எல்லின் மூதாதையான விக்டோரிய லீகைவிட 20 வருடம் மூத்தது. நார்வுட், ஸ்டர்ட், கிளெனெல்க், நார்த் அடிலெய்ட், சவுத் அடிலெய்ட், வெஸ்ட் அடிலெய்ட், சென்ட்ரல் டிஸ்ட்ரிக்ட், வுட்வில்-வெஸ்ட் டாரன்ஸ் என்று எட்டு உள்ளூர் கிளப்புகள். இவற்றோடு இரண்டு ஏஎஃப்எல் கிளப்புகளின் ரிசர்வ் அணிகளும் 2014 முதல் ஆடுகின்றன: அடிலெய்ட் க்ரோஸ், போர்ட் அடிலெய்ட். மொத்தம் பத்து.

பெரிய கிளப்புக்கு எதுக்கு ரெண்டாவது அணி? சும்மா நெட் பிராக்டிஸ் மாதிரியா?

ஓர் ஏஎஃப்எல் கிளப்பின் பட்டியலில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இருப்பார்கள். வாரம் ஒரு ஆட்டம். அதில் களமிறங்குவது 22, 23 பேர்தான். மிச்சப் பேர் என்ன செய்வது? காயம்பட்டவர்களைக் கழித்தால் உடம்பு சரியாக உள்ள பத்துப் பதினைந்து பேருக்காவது ஓர் உண்மையான ஆட்டம் வேண்டும். ஆடாமல் உட்கார்ந்தால் ஃபார்ம் போய்விடும். 18 வயதில் எடுக்கப்பட்ட பையன் பெரியவர்களின் இடி எப்படி இருக்கும் என்று பயிற்சியில் கற்றுக்கொள்ள முடியாது.

இன்னொரு பயன், காயத்திலிருந்து திரும்புகிறவர்கள். முழங்கால் அறுவை முடிந்து வரும் ஆளை நேராக ஏஎஃப்எல்லில் இறக்க மாட்டார்கள். ரிசர்வில் பாதி ஆட்டம் ஆடவிட்டுப் பார்ப்பார்கள். இரண்டாம் பாதியில் அந்த ஆள் பனியன் மாற்றிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தால் சண்டை கிண்டை எதுவும் இல்லை. கணக்குப் போட்டு வைத்த நிமிடங்கள் முடிந்துவிட்டன, அவ்வளவுதான்.

2014-க்கு முன்னாடி அவங்க எங்க ஆடினாங்க?

உள்ளூர் கிளப்புகளில் பிரித்துக் கொடுத்துவிடுவார்கள். க்ரோஸ் 1991-இல் வந்தது, போர்ட் 1997-இல் ஏஎஃப்எல்லுக்குப் போனது. ஏஎஃப்எல் அணியில் இடம் கிடைக்காத வீரர் அந்த வாரம் தன் சான்ஃபில் கிளப்புக்குப் போய் ஆடுவார். வெளி மாநிலத்திலிருந்து வந்தவரையும் ஏதாவது ஒரு சான்ஃபில் கிளப்பில் சேர்த்துவிடுவார்கள்.

ரசிகர்களுக்கு இது கொண்டாட்டம். தங்கள் கிளப் பனியனில் ஓர் ஏஎஃப்எல் வீரர் ஓடுவார். ஏஎஃப்எல் பயிற்சியாளருக்குத்தான் தலைவலி. தன் ஆட்கள் நாலைந்து கிளப்புகளில் சிதறி, ஒவ்வொரு இடத்திலும் வெவ்வேறு ஆட்டத்திட்டத்தில் ஆடிக்கொண்டிருப்பார்கள். வியாழக்கிழமை ஒன்றாகப் பயிற்சி செய்த இருவர் சனிக்கிழமை ஒருவரை ஒருவர் மறித்து விழுத்துவார்கள். தான் தடுப்பாளராக வளர்க்க நினைக்கும் பையனை அந்தக் கிளப் தன் தேவைக்கு முன்வரிசையில் நிறுத்தும். கிளப்பைக் குறை சொல்ல முடியுமா? அவர்களும் ஜெயிக்கத்தானே வேண்டும்.

அப்படின்னா உள்ளூர் கிளப்புகள் ஏன் ஒத்துக்கிட்டாங்க?

எல்லாரும் மனமுவந்து ஒத்துக்கொண்டார்கள் என்று சொல்ல மாட்டேன். காலச் சூழலைப் பாருங்கள். க்ரோஸ், போர்ட் இரண்டின் ஏஎஃப்எல் உரிமங்களும் அதுவரை சான்ஃபில் கையில் இருந்தன. 2014-இல் அவை கைமாறின. அதே வருடம் பெரிய ஆட்டங்கள் வெஸ்ட் லேக்ஸில் இருந்த ஃபுட்பால் பார்க்கை விட்டு, புதுப்பித்த அடிலெய்ட் ஓவலுக்குப் போயின. மாநில ஃபுட்டியில் அதிகாரமும் பணமும் இடம் மாறிக்கொண்டிருந்த நேரம். அந்தப் பேரத்தின் ஒரு பகுதியாகத்தான் ரிசர்வ் அணிகள் உள்ளே வந்தன.

சும்மா விடவும் இல்லை. க்ரோஸ் லீகுக்குப் பணம் கட்ட வேண்டும். மற்ற கிளப்புகளுக்கு உள்ளதுபோல இளம் வீரர்களைத் திரட்டும் வட்டாரம் இவர்களுக்குக் கிடையாது. க்ரோஸ் ரிசர்வ் பெரும்பாலான ஆட்டங்களை எதிரணியின் மைதானத்திலேயே ஆடுகிறது. இது சின்ன விஷயம் மாதிரித் தெரியும். ஆனால் நுழைவுச்சீட்டு, பார், 'மீட் பை' பலகார விற்பனை எல்லாம் உள்ளூர் கிளப்பின் கல்லாவில் விழும். ஒரு சின்ன கிளப்புக்கு வருடத்தில் ஒரு நல்ல சனிக்கிழமை என்பது லேசுப்பட்ட விஷயமல்ல.

ஏஎஃப்எல் அணியில நிறையப் பேருக்குக் காயம்னா ரிசர்வ் அணிக்கு ஆள் பத்தாதே?

பத்தாது. அதனால்தான் ஏஎஃப்எல் ஒப்பந்தம் இல்லாத வீரர்களையும் வைத்திருப்பார்கள். டாப்-அப் வீரர்கள் என்று பெயர். பகலில் மின்வேலையோ ஆசிரியர் வேலையோ பார்த்துவிட்டு மாலையில் பயிற்சிக்கு வருகிறவர்கள். ஒரு வாரம் ஏஎஃப்எல் வீரர்கள் பதினைந்து பேர் வருவார்கள், இவர்களில் சிலர் உட்கார வேண்டியதுதான். அடுத்த வாரம் எட்டே பேர், இவர்கள்தான் அணியைத் தாங்க வேண்டும்.

இந்த வேலைக்கு ஒத்துக்கொள்கிறவர்களின் மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு. நார்வுட்டில் ஆடினால் நீங்கள் நார்வுட் வீரர். இங்கே நீங்கள் இட்டுநிரப்பும் ஆள். பதிலுக்குக் கிடைப்பது ஏஎஃப்எல் கிளப்பின் பயிற்சியாளர்களின் கண்முன்னே ஓடும் வாய்ப்பு.

ஒரே அணியில ஆடறவங்களுக்குச் சம்பளம் ஒண்ணுதானா?

இல்லை. ஏஎஃப்எல் வீரர் தன் ஏஎஃப்எல் ஒப்பந்தப்படி சம்பளம் வாங்குவார், எந்த அணியில் ஆடினாலும். பக்கத்தில் ஓடும் டாப்-அப் வீரருக்குக் கிடைப்பது மாநில லீக் அளவிலான தொகை. எதிரணியில் இருப்பவர்களும் பெரும்பாலும் வேலைக்குப் போய்க்கொண்டே ஆடுகிறவர்கள்தான்.

முழுநேர வீரர்கள் ஆடினா வருஷா வருஷம் இவங்கதானே கப் அடிப்பாங்க?

எல்லாரும் இப்படித்தான் பயந்தார்கள். நடந்தது வேறு. போர்ட் ரிசர்வ் 2014, 2017, 2019 என்று மூன்று முறை சான்ஃபில் இறுதிப்போட்டிக்கு வந்து மூன்றிலும் தோற்றது. 2014-இல் நார்வுட்டிடம் 4 புள்ளி வித்தியாசம். ஒரு கோல்கூட இல்லை. 2017-இல் ஸ்டர்ட்டிடம் ஒரே ஒரு புள்ளி. அடிலெய்ட் ஓவலில் கிட்டத்தட்ட 40,000 பேர் பார்த்த ஆட்டம் அது. 2019-இல் கிளெனெல்க் 28 புள்ளியில் ஜெயித்து, 1986-க்குப் பிறகு தன் முதல் கோப்பையைத் தூக்கியது.

காரணம் எளிது. ரிசர்வ் அணிக்கு ஒரே அணியாகச் சேர்ந்து ஆட வாய்ப்பே இல்லை. ஏஎஃப்எல் அணி முடிவான பிறகுதான் இவர்களின் அணி முடிவாகும். அங்கே அவசரத்துக்கு ஆள் வேண்டும் என்றால் மாற்று வீரராகக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். வாரா வாரம் ஆள் மாறும். எதிரே ஐந்தாறு வருடம் சேர்ந்து ஆடிய உள்ளூர் அணி. தனித்தனி ஆளாக எடைபோட்டால் ரிசர்வ் அணி தேறும். கடைசிக் கால்பகுதியில் சேர்ந்து ஆடிய பழக்கம்தான் பேசும்.

போர்ட் அடிலெய்ட் பழைய கிளப் ஆச்சே, அதை எப்படி ரிசர்வ் அணின்னு சொல்றீங்க?

இதைக் கேட்கிறவர் ஏற்கனவே பாதி உள்ளூர்க்காரர் ஆகிவிட்டார். போர்ட் 1870-இல் உருவானது. சான்ஃபிலில் 36 கோப்பை. துறைமுகத் தொழிலாளர்களின் கிளப், அல்பர்ட்டன் ஓவல் அதன் கோட்டை, கறுப்பு வெள்ளைப் பட்டைப் பனியன் அதன் அடையாளம். மற்ற ஏழெட்டு ஊர்க்காரர்களும் ஒன்றுசேர்ந்து வெறுக்கிற அளவுக்கு ஜெயித்த கிளப்.

1990-இல் போர்ட் தனியாக ஏஎஃப்எல்லில் சேர ரகசியமாகப் பேசியது. விஷயம் வெளியே வந்ததும் மற்ற கிளப்புகள் நீதிமன்றத்துக்குப் போயின. சான்ஃபில் அவசர அவசரமாக ஒரு கூட்டு அணியை உருவாக்கி அனுப்பியது. அதுதான் க்ரோஸ். அந்த வடு இன்னும் ஆறவில்லை. க்ரோஸும் போர்ட்டும் மோதும்போது அரங்கத்தில் கேட்கும் சத்தத்தில் பாதி 1990-இன் சத்தம்தான்.

1997-இல் போர்ட்டுக்கு ஏஎஃப்எல் இடம் கிடைத்தபோது கிளப் இரண்டாகப் பிரிந்தது. ஏஎஃப்எல்லில் 'பவர்', சான்ஃபிலில் பழைய 'மேக்பைஸ்'. ஏஎஃப்எல்லில் மேக்பைஸ் என்ற பட்டப்பெயர் ஏற்கனவே மெல்போர்ன் கிளப்பான காலிங்வுட்டுடையது. அந்தப் பட்டைப் பனியனைப் பெரிய லீகில் எப்போது போடலாம் என்று இரு கிளப்புகளும் வெகுகாலம் மல்லுக்கட்டின. மேக்பைஸ் பணநெருக்கடியில் தத்தளித்தது, 2010-இல் இரண்டும் மறுபடி ஒன்றாகின, 2014-இல் மேக்பைஸ் பவரின் ரிசர்வ் அணி ஆனது.

ஆக, க்ரோஸ் ரிசர்வ் புதிதாக ஒட்டவைத்த அணி. போர்ட் ரிசர்வ் லீகின் பழம்பெரும் கிளப்பேதான், உள்ளே இருப்பது மட்டும் மாறிவிட்டது. அல்பர்ட்டனில் இன்னமும் மேக்பைஸுக்கென்றே வரும் தாத்தாக்கள் உண்டு. கோப்பையைவிட ஓர் ஏஎஃப்எல் வீரரின் தொடைத்தசை முக்கியம் என்று முடிவெடுக்கப்படும்போது அவர்கள் முகம் எப்படிப் போகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ரிசர்வ் அணி தோத்துக்கிட்டே இருந்தா கீழ் லீகுக்கு இறக்குவாங்களா? சான்ஃபில்ல ஜெயிச்ச கிளப் ஏஎஃப்எல்-க்கு ஏறுமா?

இரண்டும் இல்லை. ஏஎஃப்எல் ஒரு மூடிய லீக். உரிமம் வைத்திருப்பவர் ஆடுவார், மற்றவர் ஆட முடியாது. நார்வுட் பத்து வருடம் தொடர்ந்து ஜெயித்தாலும் அங்கேயேதான்.

ஸ்பெயின் கால்பந்தைப் பார்க்கிறவர்களுக்கு இது வியப்பாக இருக்கும். அங்கே ரிசர்வ் அணிகளும் ஏறி இறங்கும், மூத்த அணி இருக்கும் பிரிவுக்கு மட்டும் வர முடியாது. 1980-இல் ரியல் மாட்ரிட்டின் ரிசர்வ் அணியான காஸ்டியா ஸ்பெயின் கோப்பையின் இறுதிவரை வந்து, அங்கே ரியல் மாட்ரிட்டிடமே 6-1 என்று தோற்றது. அந்த மாதிரி வேடிக்கைக்கு இங்கே வழியில்லை.

ஏஎஃப்எல் சீசன் முடிஞ்சதும் பெரிய ஆட்களையெல்லாம் ரிசர்வ் ஃபைனல்ஸ்ல இறக்கினா? அது போங்காட்டம் இல்லையா?

அதற்குத்தான் தகுதி விதி. மாநில லீகின் ஃபைனல்ஸில், அதாவது சீசன் முடிவில் முன்னணி அணிகள் கோப்பைக்காக மோதும் கடைசிச் சுற்று ஆட்டங்களில், ஆட வேண்டுமென்றால் அந்த வருடம் அந்த லீகில் குறிப்பிட்ட எண்ணிக்கையிலாவது ஆட்டம் ஆடியிருக்க வேண்டும். எண்ணிக்கையும் விலக்குகளும் லீகுக்கு லீக், வருடத்துக்கு வருடம் மாறும். வருடம் முழுக்க ஏஎஃப்எல்லில் ஆடிய நட்சத்திரத்தைக் கடைசி வாரத்தில் கொண்டுவந்து இறக்க முடியாது.

ஆனால் விதி அடைக்காத ஓட்டை ஒன்று இருக்கிறது. ஏஎஃப்எல் அணி படுமோசமாக ஆடினால் ரிசர்வ் அணிக்கு லாபம். மேற்கு ஆஸ்திரேலியாவைப் பாருங்கள். அங்குள்ள ஏஎஃப்எல் கிளப்பான ஃப்ரீமேன்டில் 2016-இல் நாலே ஆட்டம் ஜெயித்து ஃபைனல்ஸுக்கு வரவில்லை. அதன் வீரர்கள் ஆடும் உள்ளூர்க் கிளப் பீல் தண்டர், மாண்டுராவைச் சேர்ந்தது, 1997-இல்தான் லீகில் சேர்ந்தது, அதுவரை கோப்பையே கண்டதில்லை. ஏஎஃப்எல் வீரர்கள் யாரும் வேறெங்கும் போக வேண்டியில்லாததால் 2016-இலும் 2017-இலும் பீல் கோப்பையை வென்றது. இரண்டு முறையும் இறுதியில் தோற்றது, ஏஎஃப்எல் துணை எதுவும் இல்லாத சுபியாக்கோ. விதிப்படி எல்லாம் சரி. சுபியாக்கோ ரசிகரிடம் போய் அதைச் சொல்லிப் பாருங்கள்.

பெர்த்லயும் மெல்போர்ன்லயும் இதே ஏற்பாடுதானா?

இடத்துக்கு இடம் வேறு. பெர்த்தில் 2014 முதல் இரண்டு ஏஎஃப்எல் கிளப்புகளும் தலா ஓர் உள்ளூர்க் கிளப்போடு கைகோத்தன: ஃப்ரீமேன்டில் பீலோடு, வெஸ்ட் கோஸ்ட் ஈஸ்ட் பெர்த்தோடு. 2018-ஓடு வெஸ்ட் கோஸ்ட் அதை முறித்துக்கொண்டு 2019 முதல் சொந்த ரிசர்வ் அணியை இறக்கியது. ஏஎஃப்எல் அணியில் காயங்கள் குவிந்த வருடங்களில் அந்த ரிசர்வ் அணி வாங்கிய அடி கொஞ்சநஞ்சமல்ல. எப்படி என்பது டாப்-அப் கேள்வியிலேயே இருக்கிறது.

விக்டோரியாவில் 1999 வரை ரிசர்வ் அணிகளுக்கென்றே தனிப் போட்டி இருந்தது. 2000-இல் அதை மூடி மாநில லீகான விஎஃப்எல்லோடு சேர்த்தார்கள். ஜீலாங் தன் அணியை அப்படியே கொண்டுவந்தது. ஹாத்தார்ன் பாக்ஸ் ஹில்லோடு இணைந்தது, இன்றுவரை அப்படித்தான். காலிங்வுட் 2008-இலும், ரிச்மண்டும் வெஸ்டர்ன் புல்டாக்ஸும் 2014-இலும் தனி அணிக்குத் திரும்பின. 2021-இல் சிட்னி, பிரிஸ்பேன், கோல்ட் கோஸ்ட் அணிகளும் வந்து சேர, இப்போது விஎஃப்எல் என்பது கிழக்குக் கரை முழுவதன் லீக். இத்தனைக்கும் நடுவே வெர்ரிபீ போன்ற தனிக் கிளப் 2024-இல் கோப்பை வென்றிருக்கிறது, 1993-க்குப் பிறகு முதல்முறையாக.

ரிசர்வ்ல ஆடி நிஜமாவே மேலே வந்தவங்க இருக்காங்களா?

ஏஎஃப்எல் வீரர்களில் பெரும்பாலோர் அந்த வழியாக வந்தவர்கள்தான். எனக்குப் பிடித்த கதை மார்லியன் பிக்கெட்டுடையது. மேற்கு ஆஸ்திரேலியாவில் சவுத் ஃப்ரீமேன்டிலுக்கு ஆடிக்கொண்டிருந்தவரை 27 வயதில், 2019-இன் சீசன்நடு டிராஃப்டில் (ஏஎஃப்எல் கிளப்புகள் முறைவைத்துப் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் ஏற்பாடு) மெல்போர்ன் கிளப்பான ரிச்மண்ட் எடுத்தது. மாதக்கணக்கில் ரிசர்வ் அணியில் வைத்திருந்தது. செப்டம்பரில் ரிச்மண்ட் ரிசர்வ் விஎஃப்எல் இறுதியில் வில்லியம்ஸ்டவுனை வென்றபோது ஆட்டத்தின் சிறந்த வீரர் அவர்தான். அடுத்த வாரமே ஏஎஃப்எல் இறுதிப்போட்டியில் அறிமுகமானார். இறுதிப்போட்டியிலேயே ஒருவர் அறிமுகமாவது 1952-க்குப் பிறகு அதுவே முதல்முறை. ரிச்மண்ட் 89 புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தது. ஏழு நாளில் இரண்டு கோப்பை.

டாப்-அப் வீரருக்கும் இதே கதவு திறந்திருக்கிறது. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: க்ரோஸ் ரிசர்வில் ஆடினால் க்ரோஸ்தான் எடுக்க வேண்டும் என்பதில்லை. டிராஃப்டில் எந்தக் கிளப்பும் எடுக்கலாம்.

2020 அட்டவணையைப் பார்த்தா க்ரோஸும் போர்ட்டும் இல்லையே, தடை போட்டாங்களா?

கொரோனா. தொற்றுக்குப் பயந்து ஏஎஃப்எல் தன் வீரர்களை வெளி லீகுகளில் ஆட விடவில்லை. அந்த வருடம் சான்ஃபில் பழைய எட்டு கிளப்புகளோடு நடந்தது. பெர்த்தில் வெஸ்ட் கோஸ்ட் ரிசர்வும் ஆடவில்லை. இவர்கள் இல்லாமல் லீக் நடக்குமா என்று கேட்பவர்களுக்கு அந்த வருடத்தைத்தான் காட்டுவேன். நடந்தது.

பெண்கள் லீக், அண்டர்-18 எல்லாத்துலயும் இந்த ரெண்டு அணியும் உண்டா?

சான்ஃபில் மகளிர் லீகும் 18 வயதுக்குட்பட்டோர் போட்டியும் உள்ளூர்க் கிளப்புகளுடையவை. உள்ளூர்க் கிளப்புகளின் இரண்டாம் அணிகள் மோதும் போட்டியிலும் இந்த இரண்டும் இல்லை. இதனால் ஒரு சில்லறைத் தொல்லை: நார்வுட்டின் மூத்த அணி க்ரோஸோடு ஆடும் வாரம் நார்வுட்டின் சொந்த இரண்டாம் அணிக்கு எதிரே ஆள் இருக்காது. சும்மா உட்கார வேண்டும், இல்லை வேறு கிளப்போடு அட்டவணையை ஒட்டுப்போட வேண்டும். ஆம், நார்வுட்டுக்கும் ஒரு ரிசர்வ் அணி உண்டு!

பிள்ளைகளைக் கூட்டிட்டுப் போனா ஏஎஃப்எல் வீரர்களைக் கிட்டத்துல பார்க்கலாமா?

டிவியில் வரும் முதல் வரிசை நட்சத்திரங்களை எதிர்பார்த்துப் போகாதீர்கள், அவர்கள் அன்று வேறிடத்தில் ஆடுவார்கள். ஆனால் கிட்டத்தில் என்பதற்கு இதைவிடக் கிட்டம் கிடையாது. கால்பகுதி இடைவேளையில் வேலியைத் தாண்டி மைதானத்துக்குள் போகலாம். பயிற்சியாளர் வீரர்களைச் சுற்றி நிறுத்திக்கொண்டு கத்துவார், நீங்கள் வீரர்களின் முதுகுக்குப் பின்னால் நின்று கேட்கலாம். தசைவலித் தைலத்தின் நெடி மூக்கில் ஏறும். பிள்ளைகள் அதையெல்லாம் கண்டுகொள்ளாமல் கோல் கம்பத்துக்கு நேரே பந்தை உதைத்துக்கொண்டிருப்பார்கள். சைரன் ஊதினால் வெளியே ஓடிவந்துவிட வேண்டும்.

முதல்முறை என்றால் நார்வுட் ஓவலுக்குப் போங்கள். பரேட் கடைத்தெருவிலேயே இருக்கிறது, ஆட்டம் முடிந்து சாப்பிட அலைய வேண்டாம்.

நீங்க என்ன சொல்றீங்க? இவங்களை லீகை விட்டு எடுத்துடணுமா?

உள்ளூர் ரசிகரின் மனக்குறை நியாயமானது. லீகின் பத்து அணிகளில் எட்டு அணிகள் ஜெயிப்பதற்காக ஆடுகின்றன. இரண்டு அணிகளுக்கு ஜெயிப்பது இரண்டாவது நோக்கம்தான். பாதி ஆட்டத்தோடு ஒரு வீரரை உட்காரவைக்கிற அணியை நேர்மையான போட்டியாளர் என்று எப்படிச் சொல்வது? அவர்களிடம் தோற்றால் ஏஎஃப்எல் வீரர்களிடம் தோற்றோம் என்றும், ஜெயித்தால் அரைகுறை அணியை ஜெயித்தோம் என்றும் ஆகிவிடுகிறது. புள்ளி அட்டவணையிலோ இரண்டுக்கும் ஒரே மதிப்பு.

அதேசமயம் போர்ட் வரும் நாளில் கூட்டம் சேர்வதும், தரமான எதிரணியோடு மோதி உள்ளூர்ப் பையன் கவனம் பெறுவதும் உண்மை. இருக்கட்டும், ஆனால் புள்ளிகளுக்கு மட்டும் ஆடட்டும், ஃபைனல்ஸ் எட்டு கிளப்புகளுக்கு என்று வைத்தால் போதும் என்பது என் கட்சி. போர்ட்காரர்கள் இதை ஏற்கவே மாட்டார்கள். 36 கோப்பை வாங்கிய கிளப்பைப் பார்த்து நீ விருந்தாளி என்று சொல்வதா என்பார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது.

ரிசர்வ் அணிகளுக்குன்னே நாடு முழுக்க ஒரு தனி லீக் வச்சா பிரச்சினை தீர்ந்துடுமே?

விக்டோரியாவில் அப்படித்தான் இருந்தது என்று மேலே சொன்னேன். அங்கே கிளப்புகளெல்லாம் ஒரே நகரத்தைச் சுற்றி இருந்ததால் சமாளித்தார்கள். அடிலெய்டிலிருந்து பெர்த் விமானத்தில் 2,000 கிலோமீட்டருக்கு மேல். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வெளியூர்ப் பயணம், தங்கும் விடுதி, பயிற்சியாளர் பட்டாளம் என்று கணக்குப் போட்டால் செலவு எகிறும். டாப்-அப் வீரர் திங்கட்கிழமை காலை வேலைக்குப் போயாக வேண்டும், அவர் எப்படி வாரக்கடைசியெல்லாம் பறப்பார்? அவர் இல்லாமல் இந்த அணிகளால் பதினெட்டுப் பேரை நிறுத்தவே முடியாத வாரங்கள் உண்டு. தேசிய ரிசர்வ் லீக் என்ற யோசனை அவ்வப்போது பேசப்பட்டு அடங்கிவிடுவதற்குப் பெரும்பாலும் அந்தத் திங்கட்கிழமைதான் காரணம்.